திருகோணமலையில் விதையிலிருந்து ஜெரேனியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாசி முடியும் நேரத்தில் ஜெரேனியம் பூக்கத் தொடங்கும். தெருவால் போகிறவர்கள் படலையடியில் நின்று, "இது நுவரெலியாப் பூவெல்லோ, இந்த வெக்கையில எப்படி நிக்குது?" என்று கேட்பார்கள். விதை போட்டு வளர்த்தது என்று சொன்னால் ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொன்று வரும். இத்தனை வருடமாகப் படலையடியில் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ள மாதக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. இது கடலோரத்தில், உவர் தண்ணீரோடும், ஆனி ஆடியில் தென்மேற்கில் இருந்து அடிக்கும் வறண்ட கச்சான் காற்றோடும் செடி வளர்க்கிறவர்களுக்கானது.

மலைநாட்டுச் செடி இங்கே உண்மையாகவே வளருமா?

வளரும். ஆனால் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி மனவருத்தம் குறையும்.

ஜெரேனியம் குளிர்தேசத்துச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பிறந்த இடம் தென்னாபிரிக்கா. நல்ல வெயில், காய்ந்த மண், குளிர்ந்த இரவு, இவைதான் அதற்குப் பழக்கம். தண்டும் இலையும் தடிப்பாக இருப்பது தண்ணீரைச் சேமிக்கத்தான். எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. இல்லாதது குளிர்ந்த இரவு. ஆடி மாதத்தில் நடு இரவில்கூடச் சுவர் சுடுகிற ஊர் இது. நவம்பரில் மாரி தொடங்கியதில் இருந்து மார்ச் வரைக்கும் இரவு 23, 24 பாகை செல்சியஸ் பக்கம் இறங்கும். அந்த ஐந்து மாதம்தான் ஜெரேனியத்துக்கு எங்கள் ஊர் தரும் இடம். அதற்குள் விதைத்து, வளர்த்து, பூக்க வைத்துவிட வேண்டும். மற்ற மாதங்களில் உயிரோடு வைத்திருந்தாலே போதும்.

பட்டிப்பூ மாதிரிச் சும்மா விட்டால் வளருமா என்றும் கேட்பார்கள். இல்லை. பட்டிப்பூ சீமெந்து வெடிப்பிலும் முளைக்கும். இதற்குக் கவனம் வேண்டும்.

சித்திரையில் நுவரெலியாவில் வாங்கி வந்த செடி ஏன் ஆனியில் செத்துப் போகிறது?

நானும் அப்படித்தான் மூன்று செடி இழந்தேன். சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போனபோது ஒரு நாற்றுப்பண்ணையில் இரட்டை இதழ்ப் பூவோடு மூன்று சாடி வாங்கினேன். வான் வண்டிக்குள் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு கிழமை நன்றாக நின்றது. பிறகு அடி இலை மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து, ஒவ்வொன்றாகச் சரிந்தது. வெயில்தான் கொன்றது என்று நினைத்து ஒவ்வொரு நாளும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அதுதான் பிழை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளர்ந்த செடியை ஒரே நாளில் கடல் மட்டத்துக்கு இறக்குகிறோம், அதுவும் வருடத்தின் மிகக் கூடாத நேரத்தில். அது இடத்துக்குப் பழகுவதற்குள் கச்சான் காற்று வந்துவிடும். வெக்கையில் வேர் சோர்ந்து தண்ணீரை உறிஞ்சாமல் நிற்கும்போது நாங்கள் இன்னும் ஊற்றுகிறோம், வேர் அழுகுகிறது. விதையில் இருந்து வந்த செடி முதல் நாளில் இருந்தே இந்தக் காற்றிலும் இந்த வெக்கையிலும் வளர்ந்தது. அதனால்தான் விதை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தண்டு வெட்டி நட்டால் இலேசல்லவா? விதை எதற்கு?

நல்ல தாய்ச்செடி கையில் இருந்தால் தண்டு இலேசுதான். ஆனால் திருகோணமலையில் அந்த நல்ல தாய்ச்செடி யாரிடம் இருக்கிறது? தண்டோடு சேர்ந்து தாய்ச்செடியின் நோயும் வரும். ஜெரேனியத்தின் பெரிய நோய்களான பக்றீரியா வாடல், வைரசு எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் வீடு மாறுகின்றன. விதையில் அந்தப் பயம் மிகக் குறைவு.

முன்பு பூந்தோட்டக்காரர்கள் எல்லோரும் தண்டுதான் நட்டார்கள். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'நிட்டனி லயன் ரெட்' என்ற சிவப்பு வகையை உருவாக்கிய பிறகுதான், விதையில் இருந்து ஒரே சீராக ஜெரேனியம் வளர்க்கலாம் என்ற நிலை வந்தது. இன்று பக்கட்டில் கிடைக்கும் விதைகள் அந்த வழியில் வந்தவை.

ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். விதையில் வருவது அனேகமாக ஒற்றை இதழ்ப் பூ. ரோசா மொட்டுப் போன்ற அடுக்குப் பூ வேண்டுமென்றால் தண்டுதான் வழி. ஒற்றை இதழ் வேகமாக உதிரும் என்றாலும், எங்கள் மழைக்கு அதுவே நல்லது. அடுக்குப் பூ தண்ணீரைப் பிடித்து வைத்து உள்ளுக்குள் அழுகிவிடும்.

பக்கட்டில் 'பெலர்கோனியம்' என்று இருக்கிறதே, தவறான விதையா?

சரியான விதைதான். நாங்கள் ஜெரேனியம் என்று சொல்லும் செடியின் தாவரவியல் பெயர்தான் பெலர்கோனியம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் உண்மையான ஜெரேனியத்தையும் எங்கள் தென்னாபிரிக்கச் செடியையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். 1789இல் லெரித்தியே என்ற இன்னொரு தாவரவியலாளர் தென்னாபிரிக்கச் செடிகளைப் பெலர்கோனியம் என்று பிரித்தார். பூக்கடைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. கிரேக்க மொழியில் 'கெரனோஸ்' என்றால் கொக்கு வகைப் பறவை, 'பெலர்கோஸ்' என்றால் நாரை. காய் முற்றும்போது பார்த்தால் காரணம் விளங்கும். தம்பலகாமம் வயல்வெளியில் நிற்கும் நாரையின் அலகு போலவே நீண்டு கூராக இருக்கும்.

எந்த வகை வாங்குவது?

இலையில் கரும் வளையம் உள்ள, நிமிர்ந்து வளரும் வகை. 'சோனல்' என்று பக்கட்டில் இருக்கும். முதல் முறை வளர்க்கிறவர்கள் இதைத் தவிர வேறொன்றும் வாங்க வேண்டாம். மேவரிக், பின்டோ ஆகிய வரிசைகள் விதையில் கிடைப்பவை. கொடி போலத் தொங்கும் ஐவி வகையும் விதையில் உண்டு. அது இன்னும் கொஞ்சம் மெதுவாக வளரும். 'ரீகல்' என்று விற்கும் பெரிய பூ வகையை இங்கே முயல வேண்டாம். மொட்டு வைக்க அதற்குக் குளிர்ந்த இரவுகள் கிழமைக் கணக்கில் வேண்டும்.

விதை விலை கூடியது. ஒரு பக்கட்டில் ஐந்தோ பத்தோதான் இருக்கும். பக்கட்டின் பின்பக்கத்தில் திகதியைப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் தொங்கிய பக்கட்டை வாங்க வேண்டாம்.

கனடாவில் இருக்கும் அண்ணன் தபாலில் விதை அனுப்பலாமா?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. சட்டப்படி, வெளிநாட்டில் இருந்து விதையோ செடியோ கொண்டுவர இலங்கையில் முன் அனுமதி வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவைதான் இதைப் பார்க்கிறது. அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படும். பத்து விதைக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் வெளியில் இருந்து வந்த ஒரு பூச்சி எங்கள் பப்பாசியை என்ன செய்தது என்று பார்த்தவர்கள்தான் நாங்கள். உள்ளூர் விதைக் கடையிலேயே வாங்குங்கள்.

எப்போது விதைப்பது?

நவம்பர் முதல் மூன்று கிழமைக்குள்.

கணக்கு இப்படி. விதைத்த நாளில் இருந்து முதல் பூவுக்கு 12 முதல் 16 கிழமை. எங்கள் மாரி காலத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் 16 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் போட்டால் மார்ச் தொடக்கத்தில் பூ. மே வரைக்கும் பார்த்து மகிழலாம். ஜனவரியில் போட்டால் மே மாதத்தில், வெக்கை ஏறும் நேரத்தில் மொட்டு வரும். மொட்டுக் கருகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெரேனியம் விதை முளைக்க 21 முதல் 24 பாகை செல்சியஸ் நல்லது. 27க்கு மேல் போகப் போக முளைப்பது குறையும். நவம்பர் மழையில் எங்கள் பகல் 28, 29, இரவு 24. வீட்டுக்குள்ளே சீமெந்துத் தரையில் வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இதைவிட நல்ல காலநிலை எங்களுக்கு வராது.

மண் கலவை என்ன? சாடி என்ன?

விதைக்கும்போது தோட்டத்து மண்ணைத் தொடவே வேண்டாம். தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, அவ்வளவுதான். தும்புத்தூளில் உப்பு இருக்கும். ஒரு வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை ஊற்றி, இப்படி மூன்று முறை செய்யுங்கள். கடற்கரை மணல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பிறகு கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். நாற்றை அழுக வைக்கும் பூஞ்சணத்தை இது பெருமளவு கொல்லும்.

யோகட் கோப்பைகள் போதும். அடியில் நான்கு ஓட்டை, காய்ச்சிய ஆணியால். ஒரு கோப்பைக்கு ஒரு விதை.

பெரிய சாடிக்கு மாற்றும்போது கலவை வேறு: கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, பருமணலும் கருக்கிய உமியும் சேர்த்து ஒரு பங்கு. தக்காளி, கத்தரி, மிளகாய் நின்ற மண்ணைச் சேர்க்காதீர்கள். அவற்றைத் திடீரென வாட வைக்கும் பக்றீரியா ஜெரேனியத்தையும் பிடிக்கும்.

விதைப்பது எப்படி?

ஜெரேனியம் விதையின் தோல் கடினம். கம்பனிப் பக்கட்டில் வருவதை அனேகமாக உரசியே அனுப்புவார்கள். அதனால் மறுபடி எதுவும் செய்யத் தேவையில்லை. நீங்களே சேர்த்த விதை என்றால் மரவேலைக்குப் பாவிக்கும் சாண்ட்பேப்பரில் ஒரு பக்கத்தை மெதுவாக இரண்டு முறை உரசுங்கள். பளபளப்புப் போனால் போதும், உள்ளே வெள்ளை தெரியும் அளவுக்குப் போக வேண்டாம்.

கலவையை முதலே நனைத்து, கையில் பிழிந்தால் ஒரு துளி வரும் ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விதையை மேலே வைத்து, மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு, அதாவது விதை மறையும் அளவுக்கு மட்டும் மூடுங்கள். கோப்பைகளை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அடுக்கி, மேலே மெல்லிய பொலித்தீன் போர்த்தி, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது. பொலித்தீனுக்குள் வெயில் பட்டால் கால் மணித்தியாலத்தில் விதை அவிந்துவிடும்.

ஐந்தாம் நாளில் இருந்து பத்தாம் நாளுக்குள் முளைக்கும். முதல் முளை தலை காட்டிய அன்றே பொலித்தீனை எடுத்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் நாற்று நீண்டு வெளிறிவிடும். அந்த நேரத்தில் காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். நான் விறாந்தை விளக்கைப் போட்டு இரவிலும் பார்ப்பேன். முளையின் முதல் இலைகளான இரண்டு வட்ட வித்திலை மடிந்து கும்பிடுவது போல எழும்பி வரும். அதைக் காண்பதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் விதைக்கிறேன்.

விதை மிகக் குறைவாக இருக்கிறதென்றால் இன்னொரு முறையும் உண்டு. நனைத்த ரிஷ்யூவில் விதையைச் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் நுனி தெரியும். அப்போது எடுத்துக் கோப்பையில் வைக்கலாம். வேரைத் தொடாமல் விதையின் தோலில் பிடித்துத் தூக்குங்கள்.

பதினைந்து நாளாகிவிட்டது, ஒன்றும் காணோம்.

ஒரு விதையைத் தோண்டிப் பாருங்கள். கல்லுப் போல இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. உரசி மறுபடி போடுங்கள். மெத்தென்று பிசுபிசுத்தால் அழுகிவிட்டது. அது கூடுதல் ஈரத்தாலோ வெக்கையாலோ வந்தது. மூன்று கிழமை வரைக்கும் காத்திருக்கலாம், அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை.

நாற்று நூல் போல நீண்டு சாய்கிறது. என்ன செய்வது?

வெளிச்சம் போதவில்லை. மாரியில் வானம் நாள்கணக்காக மூடியிருக்கும்போது இது எல்லோருக்கும் வரும். கிழக்குப் பார்த்த விறாந்தையின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். மழைச் சாரல் அடிக்காத, ஆனால் வானம் முழுதாகத் தெரிகிற இடம் வேண்டும். அப்படி இடமே இல்லையென்றால் ஒரு வெள்ளை எல்ஈடி விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, காலை ஆறில் இருந்து இரவு எட்டு மணி வரை எரிய விடுங்கள்.

நீண்டுவிட்ட நாற்றைச் சாடிக்கு மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழே வரைக்கும் புதைக்கலாம். கலவை நன்றாக நீர் வடிவதாக இருந்தால் மட்டும்.

நேற்று நின்ற நாற்று இன்று காலை விழுந்து கிடக்கிறது.

தண்டைத் தரையோடு சேரும் இடத்தில் பாருங்கள். நூலாகச் சுருங்கி, பழுப்பாக, நீர் கோர்த்தது போல இருந்தால் அது நாற்றழுகல். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கிக் கோப்பையோடு எறியுங்கள். மற்றவற்றை உடனே தள்ளித் தள்ளி வையுங்கள். மண்ணின் மேற்பரப்புக் காயும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்விசிறியை மெதுவான வேகத்தில், நேராக அடிக்காமல், சுவரில் பட்டு வரும்படி வையுங்கள். ஒரே பெட்டியில் இருபது விதை போட்டால் ஒரே இரவில் இருபதும் போகும். ஒரு கோப்பைக்கு ஒன்று என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

எப்போது, எந்த அளவுச் சாடிக்கு மாற்றுவது?

வித்திலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மையான இலை வந்ததும், ஏறக்குறைய ஐந்து ஆறு கிழமையில். முதலில் 10 சென்ரிமீற்றர் சாடி. வேர் அடி ஓட்டையால் எட்டிப் பார்த்த பிறகு 15 சென்ரிமீற்றர் மண்சாடி. அதோடு நிறுத்துங்கள். பெரிய சாடியில் வேர் தொடாத மண் நிறைய இருக்கும், அது காயாமல் கிடந்து புளிக்கும். கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் ஜெரேனியம் பூக்கும்.

பிளாஸ்ரிக் சாடியைவிட மண்சாடி எங்களுக்கு நல்லது. மண் சுவரால் நீர் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும், பானைத் தண்ணீர் குளிர்வது போல.

எவ்வளவு தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கிறதே?

ஜெரேனியத்தை எங்கள் ஊரில் கொல்வது வெயிலைவிடத் தண்ணீர்தான். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். சாடியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் இன்னும் நல்லது, காய்ந்த சாடி கையில் இலேசாக இருக்கும். ஊற்றும்போது அடியால் வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள், காலையில், இலையில் படாமல். ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை என்று கணக்கு வைப்பதுதான் மிக மோசமான முறை. இலையின் அடியில் சிறு கொப்புளம் போலத் தடித்து, பிறகு தக்கை போல ஆனால் அது நோயல்ல. வேர் உறிஞ்சும் நீரை இலை வெளியேற்ற முடியாமல் வீங்குவது. தண்ணீரைக் குறைத்தால் புது இலை சுத்தமாக வரும்.

உவர் தண்ணீர் பெரிய பிரச்சினை. உப்புவெளி என்று ஒரு இடத்துக்குப் பெயரே இருக்கும் மாவட்டத்தில் இதை மறைக்க முடியாது. இலை ஓரம் கருகி, சாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளை உப்புப் படிந்தால் உங்கள் தண்ணீர்தான் காரணம். நல்ல வேளையாக நாற்றுப் பருவம் மாரியில் வருகிறது. கூரைத் தண்ணீரை மூடிய பீப்பாவில் பிடித்து வைத்து நாற்றுக்கு அதையே ஊற்றுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் கூரைத் தூசும் கடல் உப்பும் இருக்கும். பிறகு குழாய்த் தண்ணீர் போதும். கிணற்றுத் தண்ணீரே கதி என்றால் இரண்டு கிழமைக்கு ஒரு முறை சாடியின் அளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

கடலுக்கு நேரே வீடு உள்ளவர்கள், பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் இலையை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவினால் போதும். வெயில் ஏறுமுன் காய்ந்துவிட வேண்டும்.

என்ன பசளை? மீன் கழுவிய தண்ணீர் ஊற்றலாமா?

மீன் தண்ணீரைத் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். சின்னச் சாடியில் அது நாறும், இலையான் வரும், பூனை வந்து கிளறும்.

சாடிக்கு மாற்றி இரண்டு கிழமை வரை எதுவும் வேண்டாம். பிறகு நீரில் கரையும் அல்பேர்ட் பசளையைப் பக்கட்டில் சொல்லியதில் கால் பங்கு பலத்தில், பத்து நாளுக்கு ஒரு முறை. மொட்டு வந்ததும் அரைப் பலம். யூரியா வேண்டாம். இலை பனையோலை அளவுக்கு வளர்ந்து பூவே வராமல் போவது யூரியாவால்தான். காய்ந்த மண்ணில் பசளை ஊற்றினால் வேர் கருகும், முதலில் கொஞ்சம் வெறும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

செடி நன்றாக இருக்கிறது, பூவைக் காணோம்.

நிழலில் வைத்திருப்பீர்கள். இந்தச் செடிக்குப் பகல் நீளமா குறுகலா என்பது முக்கியமில்லை, மொத்தமாக எவ்வளவு வெயில் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. ஜனவரிக் கடைசியில் மழை விட்டதும் வெளியே கொண்டுவந்து, முதல் கிழமை காலை வெயிலில் இரண்டு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்து ஆறு மணித்தியாலம் வரை கொடுங்கள். பூங்கொத்து வாடியதும் அதன் காம்பைத் தண்டோடு சேரும் இடத்தில் ஒடித்துவிடுங்கள். ஒவ்வொரு கொத்து ஒடிக்கும்போதும் அடுத்தது எழும்பும்.

நுனி கிள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். விதைச் செடி தானாகவே கிளைக்கும். கிள்ளினால் பூ இரண்டு மூன்று கிழமை பிந்தும், எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

பூச்சி, ஆடு, மான்?

வெண்மூட்டுப்பூச்சி இலைக் கக்கத்தில் பஞ்சு போல ஒட்டியிருக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கும், கையால் எடுத்துவிடலாம். இலைக்கு மேலே மஞ்சள் புள்ளி, கீழே அதே இடத்தில் பழுப்புத் தூள் வளையம் என்றால் துரு நோய். அந்த இலைகளை ஒடித்து எரியுங்கள், செடிகளை இடைவெளி விட்டு வையுங்கள்.

கட்டாக்காலி மாடும் ஆடும் வாசனை பிடிக்காமல் விட்டுவிடும் என்று சொல்வார்கள். எங்கள் படலை திறந்திருந்த ஒரு நாளில் ஆடு இரண்டு சாடியை அடியோடு மேய்ந்தது. கோட்டைப் பக்கத்திலும் பட்டணத்துக்குள்ளும் திரியும் புள்ளிமான்களும் பசி வந்தால் எதையும் கடிக்கும். அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் சாடியை மதிலில் வைக்காமல் விறாந்தைக்குள் வையுங்கள்.

ஜெரேனியம் நுளம்பை விரட்டுமா?

நுளம்பு விரட்டும் செடி என்று விற்பது வாசனை இலை உள்ள வேறொரு பெலர்கோனியம். அதுவும் சாடியில் சும்மா நிற்பதால் நுளம்பு போகாது. மாறாக, சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும். மழைக்காலத்தில் தட்டே வைக்காதீர்கள். இரண்டு செங்கல்லின் மேல் சாடியை வைத்தால் நீர் தானாக வடியும், வேருக்கும் நல்லது. மழைத் தண்ணீர் பீப்பாவைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

பூனை, நாய் கடித்தால்?

ஜெரேனியம் இலை பூனைக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வரலாம், சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். சிலருக்கு இலைச் சாறு பட்டால் கை சொறியும், கழுவினால் போதும்.

என் செடியிலேயே விதை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் பக்கட் விதை கலப்பினமாக இருந்தால் பிள்ளைகள் தாயைப் போல வராது. நிறம் மாறும், உயரம் மாறும். எனக்கு அது பிடிக்கும், ஒரு வருடம் சிவப்பில் இருந்து சல்மன் நிறம் வந்தது.

பூ விரிந்ததும் முதலில் மகரந்தம் கொட்டும். அதன் பிறகுதான் நடுவில் உள்ள சூல்முடி ஐந்து கிளையாக விரியும். அதனால் இன்று விரிந்த பூவின் மகரந்தத்தை, இரண்டு மூன்று நாள் முன்பு விரிந்த பூவின் ஐந்து கிளையில் ஒரு சின்னத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். பிடித்துவிட்டால் சில நாளில் நாரை அலகு நீளும். பழுப்பாகி முற்றும்போது அலகு அடியில் இருந்து ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை, அதன் வாலில் பஞ்சு. அந்த வால் காய்ந்தால் திருகாணி போலச் சுருளும், ஈரம் பட்டால் நேராகும். அப்படித் திருகித் திருகித்தான் விதை தன்னையே மண்ணுக்குள் செலுத்திக்கொள்ளும். கச்சான் காற்றில் பறந்துபோகு முன் காய்க்கு ஒரு சின்ன வலைத் துணிப் பையைக் கட்டிவிடுங்கள். எடுத்த விதையை நிழலில் ஒரு கிழமை காயவைத்து, கடதாசி உறையில் போட்டு, மூடிய போத்தலுக்குள் ஒரு பிடி வறுத்த அரிசியோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

மே மாதத்துக்குப் பிறகு செடியை என்ன செய்வது?

பூ சிறுத்து, புது இலை வெளிறத் தொடங்கினால் செடி களைத்துவிட்டது. செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டுங்கள், ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணுவாவது இருக்கட்டும். காலை ஒன்பது மணி வரை மட்டும் வெயில் படும் இடத்தில், காற்றுத் திசைக்கு மறைவாக, கிடுகு வேலிக்குப் பின்னால் அல்லது கிணற்றடியில் வையுங்கள். பசளை முழுதாக நிறுத்தவும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மண் சீக்கிரம் காயும், அதனால் காலையும் மாலையும் விரல் விட்டுப் பாருங்கள். ஆனால் வெட்டிய செடிக்கு இலை குறைவு, அது குடிக்கும் தண்ணீரும் குறைவு. பயத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

என் வீட்டில் பாதிச் செடி இந்த மாதங்களைத் தாண்டும், பாதி தாண்டாது. தாண்டியது ஒக்டோபரில் முதல் மழையோடு அடியில் இருந்து புதுத் துளிர் விடும். அதில் ஒரு விரல் நீளத் துளிரை வெட்டி, ஒரு பகல் நிழலில் வாடவிட்டு, மணலில் குத்தினால் வேர் பிடிக்கும். அதே கிழமையில் நான் புது விதைப் பக்கட்டையும் பிரித்துவிடுவேன்.